முதுகலைக்கு எத்தனை கட்டை?

பிப்ரவரி 9

இந்த வருடம் மேற்படிப்பு. முடிவு செய்தாயிற்று. அம்மாவிடம் சொன்னேன்.

"என்ன படிப்பு?" என்றாள்.

"முதுகலை."

"அது தெரியுதுளா. எதுல முதுகலை?"

அதை இன்னும் முடிவு செய்யவில்லை. முதலில் வீட்டை வழிக்குக் கொண்டுவருவோம், பாடத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எனக்கு இரண்டு தொழில். பகலில் திருச்செந்தூரில் ஒரு டிசைனிங் கடையில் கணினி முன்னால் வேலை: ஃப்ளெக்ஸ், கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி. கோயில் கொடைத் திருவிழா நாட்களில் 'ராகதாரா' மெல்லிசைக் குழுவின் கீபோர்டு. ஆறுமுகநேரியிலிருந்து சாத்தான்குளம் வரைக்கும் எந்த அம்மனுக்குக் கொடை நடந்தாலும் இன்னிசைக் கச்சேரி மேடையில் இந்த பிரம்மசக்தி இருப்பாள். பக்கத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு என் அக்கா சந்தனமாரி. மேடைக்கு அவள் பெயர் 'சந்தனா'. கட்டிக்கொடுத்தும் எங்களை விட்டுப் போகாதவள். இரண்டு வீடு தள்ளித்தான் குடித்தனம்.

நான் படித்தது விஸ்காம். வயது இருபத்தாறு. அம்மா கல்யாணப் பேச்சை எடுப்பதற்குள் நான் கல்லூரிப் பேச்சை எடுத்துவிட்டேன். முந்திக்கொண்டவளுக்குத்தான் பந்தி.

பிப்ரவரி 15

கடையில் வேலை குறைவு. உட்கார்ந்து தேடினேன். ஓவியத்தில் எம்.எஃப்.ஏ., வடிவமைப்பில் எம்.டெஸ்., இசையில் எம்.ஏ. மூன்றும் எனக்காகவே வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டுதான் தொடங்கினேன். ஓவியம் வாசலிலேயே கதவைச் சாத்திவிட்டது. இளங்கலையிலும் நுண்கலை படித்திருக்க வேண்டுமாம், விஸ்காம் செல்லாதாம். நான் வரைந்த ஐயனார் குதிரையை அவர்கள் பார்த்ததில்லை. நஷ்டம் எனக்கில்லை.

மிச்சம் இரண்டு. டிசைன் பெங்களூரில். இசை சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில். விசைக்கருவிப் பிரிவு, எந்தப் பட்டம் படித்தவர்களும் வரலாம், செய்முறைத் தேர்வு உண்டு. இரண்டுக்கும் விண்ணப்பிக்கப் போகிறேன். டிசைன்தான் படிக்கப் போகிறேன். இசைக்குச் சும்மா.

பிப்ரவரி 23

நேற்று காயாமொழிப் பக்கம் ஒரு கொடை. கூட்டம் நல்ல கூட்டம்.

கீபோர்டில் டிரான்ஸ்போஸ் என்றொரு பட்டன் உண்டு. எங்களுக்கு அது ஏத்துகிற இறக்குகிற பட்டன். என் விரல்கள் சி ஸ்கேலின் வெள்ளைக் கட்டைகளிலேயே நடக்கும். பட்டனைத் தட்டினால் சத்தம் மட்டும் பாடுகிறவர் சுருதிக்கு மாறிவிடும். ஐந்து கட்டையா, நாலரைக் கட்டையா என்று கேட்பேன், தட்டுவேன், முடிந்தது. பன்னிரண்டு ஸ்கேலையும் தனித்தனியாகப் பழகிக்கொண்டு திரிவது மாட்டு வண்டிக் காலத்து வேலை. கருவியிலேயே வசதி வைத்திருக்கிறவன் முட்டாளா?

அக்காவின் பாட்டுகளுக்கு நேற்று வழக்கத்தைவிட அரைக் கட்டை இறக்கினேன். அவளுக்குச் சளி. அவளிடம் சொல்லவில்லை. எங்கள் குழுவில் சுருதியோடு பேசுகிற கருவி என்னுடையது ஒன்றுதான், மற்றதெல்லாம் டிரம்ஸும் ரிதம் பேடும். அதனால் யாருக்கும் தெரியவும் இல்லை.

மார்ச் 4

எம்.டெஸ்.ஸுக்குச் செய்த வேலைகளின் தொகுப்பு அனுப்ப வேண்டும். 'ஒரு சிக்கலை வடிவமைப்பால் தீர்த்த அனுபவம்' என்று ஒன்று கேட்டிருந்தார்கள். சிரிப்பு வந்தது. எங்கள் கடையில் தினமும் சிக்கல்தான்.

போன வருடம் ஒரு கோயில் கொடைக்கு ஃப்ளெக்ஸ். ஊர்க்காரர்கள் அத்தனை பேர் முகமும் வர வேண்டும். யார் முகம் பெரிது, யார் முகம் மேலே என்பதில் இரண்டு குடும்பம் பேச்சுவார்த்தையே இல்லாமல் போகும் நிலை. நான் அம்மனை நடுவில் வைத்து முகங்களை வட்டமாகச் சுற்றி வைத்தேன். எல்லாம் ஒரே அளவு. எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று யாருக்கும் சொல்ல வராது. கொடை அமைதியாக முடிந்தது. அதற்குப் பிறகு மாவட்டம் முழுக்க வட்டம்தான். பதிப்புரிமை வாங்கியிருக்க வேண்டும்.

அதையே அனுப்பிவிட்டேன்.

மார்ச் 21

நேற்றுக் கச்சேரியில் இன்னும் ஒரு அரைக் கட்டை இறக்கம். முடிந்ததும் குழுவை நடத்துகிற ராஜமன்னார் அண்ணாச்சி என்னை ஓரமாகக் கூப்பிட்டார். மாட்டிக்கொண்டேன் என்றுதான் நினைத்தேன். ஆண் குரல் எல்லாம் அவர்தான், ஜோடிப் பாட்டில் தெரியாமல் இருக்குமா?

"தாயி, நீ எறக்கி வாசிக்கத நான் கவனிச்சேன்" என்றார். "வயசாயிட்டுல்லா, எனக்கும் முன்ன மாரி மேல எட்டல. நாலு பேரு முன்னால சொல்லாம நீயா பாத்துச் செய்யுத பாத்தியா, அதுதான் பெரிய மனசு."

"உங்களுக்காகச் செய்யாம வேற யாருக்குச் செய்யப்போறேன் அண்ணாச்சி" என்றேன்.

வீட்டுக்கு வரும் வழியில் அக்கா பேசவே இல்லை. சுக்குக் காப்பியை ஃபிளாஸ்க்கில் கொண்டுவந்திருந்தாள், அதையே குடித்துக்கொண்டு வந்தாள்.

ஏப்ரல் 8

எம்.டெஸ். நேர்காணல், இணையத்தில். கடை முதலாளி உள்ளறையைக் கொடுத்து, மின்விசிறிச் சத்தம் கேட்கக்கூடாதென்று அதையும் நிறுத்திவிட்டார். வேர்த்து வழிய வட்டத்தைப் பற்றிச் சொன்னேன். மூன்று பேரும் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள். ஒருவர் அந்த ஃப்ளெக்ஸை மறுபடி திரையில் போடச் சொன்னார். இருபது நிமிடம் என்றவர்கள் முக்கால் மணி நேரம் விடவில்லை.

கிடைத்துவிடும். ஊருக்குத் தெரிந்த விஷயத்தை அவர்களும் தெரிந்துகொண்டார்கள், அவ்வளவுதான்.

அத்தானின் தங்கை குடும்பம் பெங்களூரில் இருக்கிறது. அங்கே தங்கிப் படிக்கலாம் என்று அம்மா இப்போதே கணக்குப் போட்டுவிட்டாள். பெண்பிள்ளை தனியாக இருக்கக்கூடாது என்பது அவளுக்கு வேத வாக்கு.

ஏப்ரல் 22

இசைத் தேர்வுக்கு அழைப்பு வந்துவிட்டது. மே 18. தனியாக ஒரு உருப்படி, பாடகர் ஒருவருக்குப் பக்கவாத்தியம், பிறகு கேட்டதைத் திருப்பி வாசிப்பது. பாடகரை நாமே அழைத்து வரலாம். கருவி அங்கேயே தரப்படும். அது நல்லது, என் கீபோர்டைப் பெட்டியோடு ரயிலில் ஏற்றி இறக்குவதற்குள் இடுப்பு போய்விடும்.

அக்காவிடம் நீதான் வந்து பாட வேண்டும் என்றேன்.

"வேற ஆளு பாரேன்" என்றாள்.

"ஏன்?"

"அங்கல்லாம் பெரிய பெரிய ஆளுவ இருப்பாவ. நான் கொடையில பாடுதவ."

"நான் மட்டும் எங்க வாசிக்கேன்? ஐநா சபையிலயா?"

கொஞ்ச நேரம் துணியை மடித்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "நான் வரலன்னா அம்மா உன்ன மெட்ராசுக்குத் தனியா விட மாட்டா" என்றாள். வருகிறேன் என்று அதற்கு அர்த்தம்.

மே 6

மூன்றாவது அரைக் கட்டையும் இறங்கிவிட்டது. அக்காவுக்கு இன்னும் சளி.

மே 11

வீட்டில் ஒத்திகை. ஒரு பழைய ஜோடிப் பாட்டில் பெண் குரல் பகுதியை மட்டும் எடுத்திருக்கிறோம். நன்றாக இருக்கிறது. மிக நன்றாக இருக்கிறது. சரணத்தில் அக்கா மேலே போகிற இடத்தில் நான் கொஞ்சம் அழுத்தி வாசித்து அவள் குரலை மூடிவிடுகிறேன். பக்கவாத்தியம் என்றால் அதுதானே.

நான் சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்விட்டால் அக்காவுக்கு யார் இப்படி வாசிப்பார்கள் என்று யோசித்தேன். வேறு எந்தக் கீபோர்டுக்காரனும் முதல் பாட்டிலேயே கண்டுபிடித்து அண்ணாச்சியிடம் சொல்லிவிடுவான். அவள் பாட்டுக்கு அன்றோடு மங்களம்தான். அதனால் இசைக்குப் போவதில் அர்த்தமே இல்லை. டிசைன் என்றால் விடுமுறையில் வந்து கச்சேரி வாசிக்கலாம். இசை என்றால் விடுமுறையிலும் பயிற்சி என்று கட்டிப் போட்டுவிடுவார்கள்.

இதை யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை.

மே 19

ரயிலில் எழுதுகிறேன். ஊருக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறோம். அக்கா மேல் படுக்கையில். நேற்று நடந்ததை நடந்தபடி எழுதிவிட்டால் நல்லது, நாளைக்குள் நானே எனக்குச் சாதகமாக மாற்றிவிடுவேன்.

அறையில் மூன்று பேர். இரண்டு ஆண்கள், ஒரு பெண். அந்த மேடத்துக்கு நாற்பது இருக்கலாம், பருத்திப் புடவையும் காலில் கேன்வாஸ் ஷூவும். நடுவில் பியானோ. கீபோர்டு இல்லை, பியானோ. கறுப்பாக, எங்கள் வீட்டுக் கட்டிலைவிடப் பெரிதாக, மின்சாரமே இல்லாத பியானோ.

கருவி தரப்படும் என்றால் கீபோர்டைத் தருவார்கள் என்றே நினைத்திருந்தேன். என் வாழ்க்கையில் விசை உள்ள கருவி எதிலும் பட்டன் இல்லாமல் இருந்ததில்லை. உட்கார்ந்தேன். மேலே பார்த்தேன், ஓரத்தில் பார்த்தேன், அடியில் கையை விட்டுத் தடவினேன்.

"என்ன தேடுறீங்க?" என்றார் ஒருவர்.

"பட்டன் சார்."

"பெடல் கீழ இருக்கும்மா."

தனி உருப்படியைச் சி ஸ்கேலில் வாசித்தேன். அதில் ஒன்றும் குறையில்லை, தலையை ஆட்டினார்கள். பிறகு அக்கா வந்து நின்றாள். அவள் இப்போது பாடுகிற இடம் எனக்குத் தெரியும். அந்த இடத்தில் என் விரல்களுக்கு வழி தெரியாது. வேறு என்ன செய்ய, எனக்குத் தெரிந்த சி-யிலேயே தொடங்கினேன். ஒன்றரைக் கட்டை மேலே. அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பார்த்துவிட்டு, பாடினாள்.

பல்லவியைச் சமாளித்துவிட்டாள். சரணத்தில் குரல் கிழிந்தது. கீழ் ஸ்தாயிக்கு இறங்கினாள், அங்கே சத்தமே வரவில்லை, மறுபடி மேலே ஏறினாள். வெறும் காற்றுதான் வந்தது. நான் அழுத்தி வாசித்தேன், பியானோ அதையும் மூடவில்லை. அக்கா நிறுத்திவிட்டாள்.

"மேடம், எனக்குத் தொண்டை போயிட்டு" என்றாள். "மாசக்கணக்கா இப்படித்தான் இருக்கு. அவ மேல ஒரு தப்பும் இல்ல. அவளுக்கு மார்க்கக் கொறச்சிராதிய."

அதுவரைக்கும் சளி என்று நானும் சொல்லிக்கொண்டிருந்தேன், அவளும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மேடம் அக்காவுக்குத் தண்ணீர் கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்து, "அவங்களுக்கு ஏ ஸ்கேல்ல வசதியா இருக்கும் போலிருக்கே. இறக்கி வாசிங்களேன், அங்கேயே பாடட்டும்" என்றார்.

"தெரியாது மேடம்."

"எது தெரியாது?"

"சி ஸ்கேல் தவிர வேற எதுவும் வாசிக்கத் தெரியாது."

எட்டு வருடம் மேடை. தாலுகா முழுக்கப் பெயர். ஒரு ஸ்கேல்.

எழுந்து போய்விடலாம் என்றிருந்தது. மேடம் விடவில்லை. என்னை எழுப்பிவிட்டுத் தானே உட்கார்ந்து ஏதோ வாசித்தார், சுற்றி வளைத்து, நடுநடுவே சேராத சுரங்களைச் சேர்த்து. திருப்பி வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். இன்னும் நீளமாக ஒன்று. அதையும் வாசித்தேன். மூன்றாவதை இரண்டு கையாலும் குழப்பி வாசித்தார், அதுவும் வந்துவிட்டது. எல்லாம் சி-யில்தான்.

"நான் மூணையும் மூணு ஸ்கேல்ல வாசிச்சேன். நீங்க மூணையும் சி-க்குக் கொண்டுவந்து வாசிக்கிறீங்க. ஒரு சுரம் தப்பல" என்றார் மேடம். பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்தார். "உங்க காது எங்கேயோ போயிடுச்சும்மா. கைதான் இன்னும் வீட்லயே உக்காந்திருக்கு."

பாராட்டா, திட்டா என்று தெரியவில்லை. நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

வெளியே டீக்கடையில் நின்றோம். எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "தெரிஞ்சும் ஏன் பாடுனக்கா? நான் எறக்கிக்கிட்டே வாரேன், நீயும் ஒண்ணும் சொல்லாம பாடிக்கிட்டே இருக்க. டாக்டர்ட்ட போயிருக்கலாம்லா?"

"நீ எறக்குதது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியாட்டி?"

"தெரிஞ்சா நிறுத்த வேண்டியதுதான? உன் பாட்டு போயிருமேன்னுதான் நான் இங்க படிக்க வராம இருக்கப் பாத்தேன்."

அக்கா டீயை ஆற்றிக்கொண்டே இருந்தாள். "எனக்குப் பாட்டுப் போனா வீட்ட பாத்துட்டு இருப்பேன். நான் மேடைக்கி வரலன்னா அம்மா உன்ன விடுவாளா? அக்கா கூடப் போறான்னுதான ஊரு வாயும் மூடிக் கெடக்கு. நான் நிறுத்துனா அன்னைக்கே உன் கீபோர்டுக்கு உறை போட்டுருவா. அதான் முடிஞ்ச வரைக்கும் பாடுவோம்னு பாடுனேன்."

இத்தனை மாதமும் நான் அவளைத் தாங்கிப் பிடித்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்காகத் தொண்டையைத் தேய்த்திருக்கிறாள். டீக்கடையில் நின்று அழுதேன். டீக்கடைக்காரர் காசு வேண்டாம் என்றார், யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்திருப்பார்.

மே 26

திருநெல்வேலியில் டாக்டர். குரல் நாணில் முடிச்சு. பயப்படுகிற மாதிரி எதுவும் இல்லை. மருந்து, ஒரு மாதத்துக்கு மேல் முழு மௌனம், அதன் பிறகு பயிற்சி. "பேச்சு நல்லா வந்துடும். கச்சேரிப் பாட்டை மறந்துடுங்க" என்றார். அக்கா சரி என்று தலையாட்டினாள். அத்தான்தான் கண்ணைத் துடைத்தார். நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஜூன் 2

அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார். வைகாசிக் கொடைகள் வரிசையாக இருக்கின்றன, வேறு பாடகியை ஏற்பாடு செய்துவிட்டார், நான் வர வேண்டும் என்றார்.

"அவ அக்கா இல்லாம எப்படி அண்ணாச்சி, ராத்திரி ஊரூரா பொட்டப்புள்ள தனியா..." என்று அம்மா இழுத்தாள்.

"நான் இருக்கேம்லா?"

"நீங்க இருக்கிய. ஊரும் இருக்குல்லா."

அவ்வளவுதான். அக்கா சொன்னது அச்சு அசலாக நடந்தது. அவள் அறை மூலையில் உட்கார்ந்து என்னைப் பார்த்தாள், பார்த்தியா என்பது போல. வாயைத் திறக்க முடியாதவளுக்குக் கண்ணில் என்ன திமிர்.

ஜூன் 11

மௌனம் முடிகிற வரைக்கும் அக்காவை அம்மா எங்கள் வீட்டிலேயே வைத்துக்கொண்டாள். மௌனத்துக்குப் பழகிவிட்டோம். அக்கா பக்கத்து அறையிலிருந்துகொண்டே வாட்ஸப்பில் 'ரசத்துக்கு உப்பு பத்தல' என்று அனுப்புகிறாள். அம்மாவுக்கு வாட்ஸப் தெரியாது, நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும். அவள் திட்டுகளையும் நான் என் வாயால் எனக்கே வாசித்துக்கொள்கிறேன்.

மதியம் சும்மா டி ஸ்கேல் போட்டுப் பார்த்தேன். பட்டனைத் தொடாமல். குழந்தை நடப்பது மாதிரி இருந்தது. நிறுத்திவிட்டேன்.

ஜூன் 20

இரண்டு முடிவும் ஒரே வாரத்தில் வந்துவிட்டன.

டிசைன் கிடைத்துவிட்டது. முதல் பக்கத்திலேயே என் பெயர். அழைத்துப் பேசவும் செய்தார்கள். அந்த வட்டத்தைப் பற்றி முதல் பருவத்திலேயே மற்ற மாணவர்களுக்கு நான் சொல்ல வேண்டுமாம்.

இசையும் கிடைத்திருக்கிறது. பட்டியலின் கடைசிப் பெயர் என்னுடையது. பக்கத்தில் குறிப்பு: மற்றவர்களுக்கு முன்னால் வந்து, அடிப்படை வகுப்பில் எல்லா ஸ்கேல்களையும் தொடக்கத்திலிருந்து பழக வேண்டும். அதாவது எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கற்றுக்கொள்கிறதை.

டிசைனுக்கு உறுதி சொல்லக் கடைசி நாள் ஜூலை 5. இசைக்கு ஜூலை 9. தெளிவான விஷயம். எந்த முட்டாளும் டிசைனைத்தான் எடுப்பான்.

ஜூன் 28

இரண்டு கடைசி நாளையும் அக்காவிடம் காட்டி, டிசைனுக்கான காரணங்களைச் சொன்னேன். வேலை உறுதி. தங்க இடம் உண்டு. அங்கே என்னை மதிக்கிறார்கள். இசை படித்து என்ன ஆகப்போகிறது? மேலும் இப்போது அவளும் இப்படி இருக்கும்போது நான் கீபோர்டைத் தூக்கிக்கொண்டு போவது நன்றாக இருக்காது.

அக்கா பொறுமையாகக் கேட்டாள். போனை எடுத்தாள். தட்டினாள். என் போன் மணியடித்தது.

'என்னைச் சாக்கு சொல்லாத.'

இரண்டாவது முறை மணியடித்தது.

'பயமா?'

பயமா? எனக்கா?

ஜூன் 29

ஆமாம், கொஞ்சம். நான் எங்கேயும் கடைசியாக உட்கார்ந்ததில்லை. பள்ளியில் இல்லை, கடையில் இல்லை, மேடையில் இல்லவே இல்லை. அங்கே போனால் என்னைவிட ஐந்து வயது சின்னப் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பார்கள், நான் எழுத்துக்கூட்டுவேன். எழுதிவிட்டேன். இனி இதைப் பற்றிப் பேச்சில்லை.

ஜூலை 3

டிசைனுக்கு உறுதி சொல்லியாயிற்று என்று வீட்டில் சொல்லிவிட்டேன். அம்மா பெங்களூருக்குப் போன் போட்டு அத்தானின் தங்கையிடம் அறையைப் பற்றிப் பேசினாள். முறுக்குக்கு மாவு அரைக்கக் கொடுத்தாயிற்று.

ஜூலை 5

காலையிலிருந்து இணையம் சரியில்லை. மதியம் கடையில் நல்ல வேலை, நிமிர நேரமில்லை. சாயங்காலம் இணையம் வந்துவிட்டது. அப்போது நான் எஃப் ஸ்கேலில் இருந்தேன், பாதியில் விட மனமில்லை.

அந்த நாள் போய்விட்டது. போனது போகட்டும்.

ஜூலை 6

யாரிடமும் சொல்லவில்லை. இசைக்கும் உறுதி சொல்லவில்லை. இரண்டும் இல்லாமல் கடையிலேயே இருந்துவிட்டால்தான் என்ன? மாவட்டத்தின் முதல் டிசைனர் நான்தான். பக்கத்தில் போட்டிக்கு ஆளே இல்லை.

ஜூலை 8

இன்று அக்காவின் மௌனம் முடிகிற நாள். டாக்டர் மெதுவாக ஓரிரு வார்த்தை பேசச் சொல்லியிருந்தார்.

அம்மா இதை ஒரு விசேஷமாகவே ஆக்கிவிட்டாள். காலையிலேயே தலைக்குக் குளிக்க வைத்து, அக்காவைத் திருச்செந்தூர் இருக்கிற திசையைப் பார்த்து உட்கார்த்தி, நெற்றி நிறைய விபூதி பூசினாள். முதல் வார்த்தை 'முருகா' என்றுதான் இருக்க வேண்டுமாம். அத்தான் வேலைக்கு விடுப்புப் போட்டிருந்தார். அண்ணாச்சியும் வந்துவிட்டார், வேட்டியைத் துவைத்துக் கட்டிக்கொண்டு. எல்லோரும் அக்காவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அக்கா எச்சிலை விழுங்கினாள். திசையை விட்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஏட்டி" என்றாள். "நாளைக்குக் கடைசி நாளுல்லா?"

கரகரப்பான, புதிய குரல். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "முருகா சொல்லுளா! முருகா!"

"அவர் எங்கயும் போவ மாட்டார்மா. இவளுக்குத்தான் நாளைக்கு முடியுது."

"என்ன முடியுது? அவதான் அஞ்சாந்தேதிக்கு முன்னாலயே பெங்களூருக்குச் சரின்னு சொல்லிட்டாளே" என்றாள் அம்மா.

"சொல்லல" என்றேன்.

அக்கா மட்டும் ஆச்சரியப்படவே இல்லை. இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டு அவள் பக்கத்து அறையில் சும்மா இருந்ததாக நான் நினைத்திருந்தேன். நான் தடவித் தடவி வாசித்த ஒவ்வொரு ஸ்கேலையும் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள்.

"போன எடு" என்றாள். "என் முன்னால அழுத்து."

எடுத்தேன். பக்கத்தைத் திறந்தேன். எம்.ஏ. இசை. உறுதி செய்கிறேன். அழுத்தினேன். சேர்க்கை உறுதியானது என்று வந்தது. அண்ணாச்சி எதற்கென்று புரியாமலே கை தட்டினார்.

அம்மாவுக்கு அப்போதுதான் புரிந்தது. "மெட்ராசா?" என்றாள். "அங்க நமக்கு யாரு இருக்கா? கூட யாரு போறது?"

கேட்டுவிட்டு வழக்கம்போல அக்காவைப் பார்த்தாள். அத்தானும் பார்த்தார். நானும்தான் பார்த்தேன். பள்ளிக்கூடம், கல்லூரி, கச்சேரி என்று எங்கே போனாலும் அந்தக் கேள்விக்கு எங்கள் வீட்டில் அவள்தான் பதில்.

டாக்டர் சொன்ன அளவைவிட அதிகமாகவே பேசிவிட்டாள். அத்தான் போதும் என்று கையைக் காட்டினார். அவள் அவர் கையை விலக்கிவிட்டாள்.

"யாரும் போவ வேண்டாம்மா" என்றாள். "அவளே போவா."